முகாமுக்கு வந்தவர்களை எண்ணியது போதும், வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களை எண்ணுவோம்





ஒக்டோபர் மாதம் வந்தால் எங்கள் ஊர்களிலும் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. மண்டபத்தில் பெனர், நெஞ்சில் ரிபன், பிரதம அதிதி, குழுப்படம். மறுநாள் முகநூலில் "இத்தனை நூறு சகோதரிகள் பயன்பெற்றனர்" என்று ஒரு பதிவு. நாங்களும் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போகிறோம். பயன்பெற்றனர் என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்?

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கின்ற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வரவு இடாப்பு நிறைந்திருந்தால் பிள்ளைகள் வந்தார்கள் என்றுதான் அர்த்தம். படித்தார்களா என்பது பரீட்சையில்தான் தெரியும். மார்பகப் புற்றுநோய் முகாம்களை நாங்கள் இத்தனை வருடமாக வரவு இடாப்பை வைத்தே பாஸ் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பரீட்சை வைத்துப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் பிலிப்பைன்ஸின் மணிலா நகரத்தில், பயிற்சி பெற்ற தாதிமாரும் மருத்துவமாதர்களும் 138,392 பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். எங்கள் கணக்குப்படி பார்த்தால் மாபெரும் வெற்றி. ஆனால் கட்டி இருப்பதாகக் கண்டு அனுப்பப்பட்ட 3,479 பேரில், அடுத்த பரிசோதனைகளை முடித்தவர்கள் 1,220 பேர் மட்டுமே. வீடு தேடிப்போய்க் கூப்பிட்டும் பத்தில் நான்கு பேர் மறுத்துவிட்டார்கள். முதல் சுற்றோடு திட்டமே நின்றுபோனது. பரிசோதனைக்கு வருவதற்குப் பெண்கள் தயங்கவில்லை. அதற்குப் பிறகுள்ள பாதைதான் அறுந்திருந்தது.

இந்தியாவின் மும்பையில் நடந்ததையும் பாருங்கள். டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்தது. பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, நான்கு சுற்றுகள் கையால் பரிசோதித்தார்கள். மெமோகிராம் இல்லை. அந்தப் பெண்களிடம் நோய் முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. 50க்குக் குறைந்தவர்களில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். மதிப்பீடு என்றால் இதுதான்: யாருக்குப் பலன், யாருக்கு இல்லை என்று கடைசிவரை எண்ணுவது.

"அப்படியென்றால் ஊருக்கு ஒரு மெமோகிராம் மெஷின் வாங்குவோம்" என்று தனவந்தர்கள் சிலர் சொல்கிறார்கள். நல்ல நிய்யத்துத்தான். ஆனால் மெஷின் எடுக்கும் படத்தை வாசிக்க ஆள் வேண்டும். சந்தேகம் வந்தால் பயொப்ஸி வேண்டும், சத்திரசிகிச்சை வேண்டும். சுகாதாரக் கட்டமைப்பு பலவீனமான நாடுகள் நோய்க்குறி உள்ளவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் சிகிச்சை கொடுப்பதில்தான் முதலில் கவனம் செலுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014 இலேயே சொல்லிவிட்டது. 2023 இல் அது மூன்று அளவுகோல்களையும் தந்தது. நோயாளிகளில் 60 வீதமானோரை முதலாம், இரண்டாம் கட்டத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று உறுதியாக வேண்டும். 80 வீதமானோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றையாவது எங்கள் ஊர் முகாம் எதுவும் எழுதி வைத்திருக்கிறதா?

எங்கள் பாதை எங்கே அறுகிறது என்பது எங்களுக்கே தெரியும். கட்டி இருப்பது தெரிந்தும் "ஆம்பிளை டொக்டர்" என்று தள்ளிப்போடுகிறார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். உம்மாவுக்குக் கென்சர் என்று வெளியே தெரிந்தால் மகளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். மஹரகமவுக்குப் போகிற பஸ் காசும், கூடப் போகிற ஆளின் நாட்கூலியும் இலவசமல்ல. ரிபன் இவற்றில் எதைத் தீர்த்தது?

"ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட முகாம் நல்லதுதானே" என்று கேட்பீர்கள். எப்போதும் அல்ல. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரை அவசரமாகப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால், பிறகு கட்டி தட்டுப்படும்போது அந்தச் சகோதரி அந்த வார்த்தையை நம்பி இருந்துவிடுவார். கையில் துண்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போகாமல் விட்டால், பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியதாகத்தான் ஆகும்.

இத்தனைக்கும் 1996 முதல் இந்த நாட்டில் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. எம்.ஓ.எச். பிரிவுகளில் இலவசமாக மார்பகப் பரிசோதனையும் செய்கிறார்கள். வருடத்தில் ஒருநாள் கூட்டம் சேர்ப்பதைவிட, அந்தக் கிளினிக்குக்கு மாதாமாதம் பத்துப் பெண்களைக் கூட்டிப் போவது மேல்.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடமும் மாதர் அமைப்புகளிடமும் நாங்கள் கேட்பது இவைதான்:

1. முகாம் வைப்பதற்கு முன்பே மிட்வைபோடு பேசுங்கள். அனுப்பப்படும் ஒவ்வொருவரும் வைத்தியசாலை போய்ச் சேரும்வரை பொறுப்பாக ஒரு பெண்ணை நியமியுங்கள். நோயாளியின் பெயர் அவரைத் தாண்டி வெளியே வரக்கூடாது.

2. பெனருக்கும் ரீ-சேர்ட்டுக்கும் போகும் காசைப் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள். வசதியில்லாதவர்களுக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுங்கள்.

3. பெண் டொக்டர் இல்லாத இடத்தில், உயிர்காக்கும் சிகிச்சைக்கு ஆண் டொக்டரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை உலமாக்கள் ஜும்ஆவில் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

4. வருட முடிவில் படம் போடாதீர்கள், கணக்குப் போடுங்கள். எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை பேர் 60 நாட்களுக்குள் முடிவு பெற்றார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள்?

அந்தக் கணக்கு சிறியதாக இருந்தால் வெட்கமில்லை. பத்துப் பேரை அனுப்பி பத்துப் பேரும் போய்ச் சேர்ந்தால், அதுவே இந்த ஊர் கண்ட ஆகச் சிறந்த முகாம். அடுத்த ஒக்டோபரில் அந்தக் கணக்கைக் கேட்போம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.