வெண்ணெய் பிஸ்கட்டும் 8 லிட்டர் பாலும்

கேள்வி: இரண்டு கறவை மாடுகள் உள்ளன. வீட்டு வெண்ணெயில் ராகி பிஸ்கட் செய்து ஓசூரில் விற்க ஆசை. சின்ன ஓவனில் வைத்ததும் பரந்து தட்டையாகிவிடுகிறது. கடன் வாங்கிப் பெரிய ஓவன் போடலாமா?

- வாசகி, நாகரசம்பட்டி.

பதில்: ஓவனைக் குறை சொல்ல வேண்டாம்; வெண்ணெயைப் பாருங்கள். ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எடைக் கணக்கு எளிது: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. மாவில் பாதி ராகி, பாதி மைதா. ராகியில் குளூட்டன் இல்லை. முழுக்க ராகி என்றால் உதிரும்.

தயிர் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை கழுவிப் பிழிந்து, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு எடுங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையாதீர்கள். வெட்டிய வில்லைகளையும் அரை மணி நேரம் குளிரவைத்து, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். ராகி நிறத்தில் சிவப்பது தெரியாது. ஓரம் இறுகினால் எடுத்துவிடலாம். ஆறியதும் மொறுமொறுப்பு வரும்.

கடனுக்கு முன் ஒரு கணக்கு. ஒரு கிலோ பிஸ்கட்டுக்குச் சுமார் 370 கிராம் வெண்ணெய் வேண்டும். 4 சதவிகிதக் கொழுப்புள்ள பாலில் அது ஏறக்குறைய 8 லிட்டர். சங்கத்தில் அதற்கு என்ன கிடைக்கும்? மிஞ்சும் மோரின் மதிப்பைக் கழித்து, மாவு, சர்க்கரை, மின்சாரம், உங்கள் கூலி சேர்த்தால் வருவதே அடக்க விலை. பேக்கரி விலைக்கு இறங்க வனஸ்பதி கலந்துவிட்டு, 'வெண்ணெய்' என்று லேபிள் ஒட்டாதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சின்ன ஓவனிலேயே சில கிலோ சுட்டு, அந்த விலைக்கு வாங்குகிறார்களா என்று பாருங்கள். இப்போது கடன் வேண்டாம்.