ஒரு கோடு போட்டால் என்ன?

போன வருடம் உத்ரெக்ட் நகரில் மகள் வீட்டில் 3 மாதம் இருந்தோம். அலர்ஜிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதிலிருந்து தலை சுற்றுகிறது என்றாள் என் மனைவி. பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தேன். எனக்குத்தான் கொஞ்சம் டச்சு வருமே! தலைசுற்றலைப் பற்றிய வரியில் ‘ஃபோர்கோமன்’ என்று இருந்தது. தடுப்பது என்று பொருள். “இது தலைசுற்றலைத் தடுக்குமாம், தைரியமாகச் சாப்பிடு” என்றேன். மறுநாள் அந்த ஊர் வீடுகளுக்கே உரிய செங்குத்தான மாடிப்படியில் தடுமாறினாள். கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். “தாத்தா, ‘கோ’வை அழுத்திச் சொன்னால்தான் தடுப்பது. ‘ஃபோர்’ என்பதை அழுத்தினால் ஏற்படுவது. தலைசுற்றல் ஏற்படலாம்னு போட்டிருக்கு” என்றாள். எழுத்து ஒன்றுதான், அழுத்தம் மாறினால் பொருள் தலைகீழ்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். பிரெஞ்சில் அழுத்தம் கடைசியில் விழும். டச்சுக் கூட்டுச் சொற்களில் பெரும்பாலும் முதல் சொல்லில் விழும். இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவதால் எங்கே பிரிப்பது என்ற குழப்பம் வேறு. ‘வல்கெய்ல்’ என்பதை வல்-கெய்ல் என்று பிரித்தால் பொறிக்குழி. வல்க்-எய்ல் என்று பிரித்தால் வல்லூறும் ஆந்தையும்! நம் ‘தாமரை’யைத் தா-மரை என்று பிரிப்பது போலத்தான்.

ஒட்டி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. குழப்பம் வரும் இடத்தில் சொற்களுக்கு நடுவே சிறு கோடு இடலாம், அழுத்தும் எழுத்தின் மேல் சாய்கோடு போடலாம் என்று டச்சு எழுத்து விதிகளே அனுமதிக்கின்றன. ஆனால் கட்டாயமில்லை, அதனால் பலர் போடுவதில்லை. எங்கள் காலத்தில் பிரெஞ்சு வகுப்பில் ஓர் ஆக்சான் விட்டுப்போனால் மதிப்பெண் போகும், விரல் முட்டியில் ஸ்கேலும் விழும்.

கதையிலும் கடிதத்திலும் விட்டுவிடட்டும். மருந்துத் தாளில் அந்தக் கோடு கட்டாயம் வேண்டும் என்பேன். உள்ளூர்க்காரர்களுக்கு இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும். பிழைக்கப் போனவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்களைப் போன்ற கிழவர்களும் அதே தாளைத்தானே படிக்கிறோம்?

என் தப்பும் உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை, எந்தத் தாள் வந்தாலும் பேத்தியிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.