நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்லுவோம்

தமிழில் ரொம்பச் சுருக்கமான சினிமா விமர்சனம் எது என்று கேட்டால் "மொக்கை" என்ற ஒற்றைச் சொல்லைத்தான் சொல்வேன். அப்பா காலத்தில் அது "அறுவை". அதற்கும் முன்னால் "இதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தியேட்டர் ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டே சொல்லும் அந்தச் சொல்லுக்குத் திரைக்கதை தெரியாது, ஒளிப்பதிவு தெரியாது. ஆனால் அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு அதைவிட உபயோகமான தகவல் கிடையாது.

இந்த ஒற்றைச் சொல் மேல்தான் இப்போது சினிமாக்காரர்களுக்குத் தீராத கோபம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு அறிக்கை விட்டது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்றும் அந்த வருடம் இதனால்தான் அடி வாங்கின என்பது அவர்கள் கணக்கு. அடுத்ததாக நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

நீதிமன்றம் சட்டத்தைப் பார்த்துச் சொன்னது. நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்புகளைப் புரட்டியே தலை நரைத்த ஆள். எனக்குத் தெரிந்த கணக்கு வழக்கில் இதைப் பார்க்கிறேன்.

கத்தரிக்காயைக் கூட நாம் காம்பைத் திருப்பிப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறவர்கள் கூட, சந்தை அபாயம் உண்டு என்று மூச்சு விடாமலாவது படித்துவிடுகிறார்கள். சினிமாவில் மட்டும் டிக்கெட்டுக்கு அடிதடி உச்சத்தில் இருக்கிற நாளும், சரக்கு எப்படி என்று வாங்குகிறவனுக்குத் துளியும் தெரியாத நாளும் ஒரே நாள். டீசர், பாட்டு, இசை வெளியீட்டு விழா, அதில் நடிகர் சொல்லும் குட்டிக்கதை எல்லாமே விற்கிறவர் தரப்பு. வாங்குகிறவர் தரப்பில் இருக்கிற ஒரே தகவல், முந்தின காட்சி பார்த்தவனின் வாய். அந்த வாயைத்தான் மூன்று நாளைக்குக் கட்டச் சொல்கிறார்கள். பெரிய படங்கள் போட்ட காசில் பெரும்பகுதியை எடுக்கப் பார்ப்பதும் அதே மூன்று நாளில்தான் என்பதைச் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும்.

இதில் இரண்டாம் பாகம் என்பது தனி ரகம். வங்கியில் இருபது வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிய வாடிக்கையாளர் வந்தால் கையெழுத்து கொஞ்சம் சீக்கிரம் விழும். இரண்டாம் பாகம் எடுக்கிறவர் வாங்குவது அந்த மாதிரிக் கடன்தான். கதை என்ன என்று கேட்காமலேயே நாம் சாங்ஷன் செய்துவிடுகிறோம். அடமானமாக அவர் வைப்பது முதல் பாகத்தைப் பற்றி நமக்கு இருக்கும் ஞாபகத்தை. அதாவது நம்ம சொத்தை நம்மிடமே அடமானம் வைத்து நம்மிடமே கடன் வாங்குகிறார்! :-) கடன் வாராக்கடன் ஆனால் போவது அந்த ஞாபகமும் சேர்த்துத்தான்.

சந்திரமுகி (2005) சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படம். அதே பி. வாசு, அதே வடிவேலு, அதே அரண்மனைப் பேய். 2023-ல் சந்திரமுகி 2 வந்த சுவடு தெரியாமல் போனது. சாமி (2003) பார்த்தவர்களுக்குத் திருநெல்வேலிப் போலீஸ் என்றாலே ஆறுச்சாமிதான். பதினைந்து வருடம் கழித்து 2018-ல் வந்த சாமி ஸ்கொயரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சண்டக்கோழி (2005) கதையும் 2018-ல் அப்படியேதான் ஆனது.

எல்லாவற்றிலும் பெரிய அடி இந்தியன். 1996-ல் வந்த முதல் படம் ஏன் நின்றது? லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில் மகளைப் பறிகொடுத்த சேனாபதி, லஞ்சம் வாங்கித் தவறு செய்த சொந்த மகனையே கொல்கிறார். சட்டம் எல்லோருக்கும் பொது, என் பிள்ளைக்கும் பொது என்கிற அந்த ஒரு இடம்தான் படத்தைத் தாங்கியது. 28 வருடம் கழித்து, 2024 ஜூலை 12 அன்று, மூன்று மணி நேர நீளத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. வெளியே வந்தவர்கள் முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னார்கள். நீளம் என்றார்கள், பிரசங்கம் என்றார்கள், தாத்தாவை ஏன் வம்புக்கு இழுத்தீர்கள் என்றார்கள். ஒரு வாரம் கூட ஆகவில்லை, தயாரிப்பு நிறுவனமே 12 நிமிடத்தை வெட்டிவிட்டதாக அறிவித்தது.

எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. இந்தியன் 2 கதையில் சேனாபதியைத் திரும்பக் கூப்பிடுகிறவர்களே வீடியோ போடுகிற இளைஞர்கள்தான். அவர் வந்து சொல்லும் அறிவுரை, உன் வீட்டுக்குள் நடக்கும் தப்பை முதலில் நீ தட்டிக் கேள் என்பது. ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள். தமிழ் சினிமா நம் வீடு. நம் வீட்டுத் தப்பை நாமே சொன்னோம். இதற்கு ஏன் கோபம்?

யூடியூப் வந்துதான் கெட்டது என்பதும் சரித்திரத்துக்கு ஒத்துவராத பேச்சு. யூடியூப் தொடங்கியதே 2005-ல். பாபா 2002-ல் வந்தது. அப்போது மைக்கும் கிடையாது, கைபேசியில் வீடியோவும் கிடையாது. சூப்பர் ஸ்டார் படம், சுதந்திர தினத்தன்று வெளியீடு. அப்படியும் பார்த்தவர்கள் வாய்ச்சொல்லிலேயே படுத்துவிட்டது. ரஜினி விநியோகஸ்தர்களைக் கூப்பிட்டு நஷ்டத்தை ஈடு கட்டினார். ரசிகன் வாயைக் கட்டு என்று அவர் வழக்குப் போடவில்லை. இன்னும் பின்னால் போனால் 1979-ல் கல்யாணராமன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 1985-ல் ஜப்பான் வரைக்கும் போய் ஜப்பானில் கல்யாணராமன் எடுத்தார்கள். முதல் பாகம் அளவுக்கு அது போகவில்லை. அன்றைக்கு அதைச் சொன்னது டீக்கடை பெஞ்சு.

அதே டீக்கடை பெஞ்சுதான் சேதுவைத் தூக்கி நிறுத்தியது. 1999 டிசம்பரில் வாங்க ஆளில்லாமல் தயங்கித் தயங்கி வெளியான படம் அது. பார்த்தவன் சொல்லிச் சொல்லியே ஓடியது. 2024-ல் லப்பர் பந்து, 2025-ல் டூரிஸ்ட் ஃபேமிலி என்று பெரிய விளம்பரம் இல்லாத படங்களுக்குக் கூட்டம் சேர்த்ததும் இந்த வாய்தான். மூன்று நாள் மௌனம் என்று சட்டம் போட்டால் பெரிய படம் தப்பிக்கும், சின்னப் படம் திங்கட்கிழமைக்குள் தியேட்டரை விட்டே போயிருக்கும். இதைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரியைக் காணோம்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் இருக்கிறவருக்கு ஒரு படம் மொக்கையானால் போவது ஒரு சாயங்காலம். பக்கத்திலேயே இன்னொரு தியேட்டர், இன்னொரு தமிழ்ப் படம். டெல்லியில் அப்படியா? மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் இருக்கிற நம்ம ஆட்களுக்குத் தெரியும். பெரிய நடிகர் படம் என்றால் ஓரிரு மால்களில் ஒன்றிரண்டு காட்சி, அதுவும் ராத்திரி பத்தரைக்கு இருக்கும். நாலு பேருக்கு டிக்கெட், போக வர வண்டி, பாப்கார்ன் என்று போனால் 2000 ரூபாயைத் தாண்டிவிடும். சின்னப் படங்கள் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். ஆக, நம் பிள்ளைகள் பெரிய திரையில் பார்க்கிற தமிழ் என்பது பெரும்பாலும் பெரிய நடிகர் படம், அல்லது பெரிய நடிகரின் இரண்டாம் பாகம்.

இங்கேதான் எனக்கு வலிக்கிறது. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளாவது தேவலாம். மற்றப் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு வீட்டைத் தாண்டினால் இந்திதான், இங்கிலீஷ்தான். இருநூறு பேர் ஒரே நேரத்தில் தமிழில் சிரிப்பதை அவர்கள் கேட்க இருக்கிற ஒரே இடம் தியேட்டர். அதற்காகத்தான் ராத்திரி பத்தரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். போன ஒரு இரண்டாம் பாகத்துக்கு (பேர் வேண்டாம்) இடைவேளையில் எங்கள் வீட்டுச் சின்னவள் கேட்டாள்: "அப்பா, இதைப் போயா நீங்களும் பாட்டியும் அப்படிப் புகழ்ந்தீங்க?" அவள் கேட்டது இரண்டாம் பாகத்தைப் பற்றி இல்லை. முதல் பாகத்தைப் பற்றி. அதைத்தான் வீட்டில் எல்லோரும் கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தோம். தங்கமணி மெதுவாக, "அது வேற மாதிரி இருக்கும்டி, ஞாயித்துக்கிழமை வீட்ல போட்டுக் காட்டறேன்" என்றாள். சின்னவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்த ஒரு பொருளை யாரோ கீழே போட்டு உடைத்த மாதிரி இருந்தது.

இந்தக் கோபத்தை வெளியே சொன்னால், "நம்ம மொழிப் படத்தை நாமே விட்டுக் கொடுக்கலாமா, வெளியூர்ல இருக்கிற நாமதானே ஆதரிக்கணும்" என்று சங்கத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தமிழ் என்பதற்காக மட்டமான சரக்கை நாம் முழு விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தால், வெளியூர்க்காரனுக்கு எதை அனுப்பினாலும் போகும் என்றுதான் அனுப்புகிறவர் நினைப்பார். சேனாபதி சொந்தப் பிள்ளை என்று விட்டுக் கொடுக்கவில்லை. அதைக் கை தட்டிப் பார்த்த நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?

எத்தனை பேர் உழைப்பு, எத்தனை கோடி முதலீடு என்பார்கள். உண்மைதான். லைட் தூக்கியவர் முதல் சமைத்துப் போட்டவர் வரை உழைத்திருக்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கியவனின் 2000 ரூபாயும் உழைப்பில் வந்ததுதான். தவிர, கடுமையான கருத்தால் நன்மையும் நடந்திருக்கிறது. கங்குவா வந்தபோது சத்தம் காதைக் கிழிக்கிறது என்று ஜனங்கள் கதறினார்கள். தயாரிப்பாளரே தியேட்டர்களில் ஒலியளவைக் குறைக்கச் சொன்னார். படத்துக்கு ஆதரவாக எழுதிய ஜோதிகா கூட முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த காட்சிக்குப் போனவன் காதும் போயிருக்கும்.

அதே சமயம், நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். படம் மோசம் என்பது கருத்து. நடிகரின் உடம்பையும் வயசையும் குடும்பத்தையும் சாதியையும் இழுப்பது கருத்து இல்லை, அசிங்கம். பார்க்காமலேயே, போட்டி நடிகரின் ரசிகன் என்பதற்காகக் காலை ஆறு மணிக்கே "படம் ஊத்திக்கிச்சு" என்று பரப்புவது பொய்க் கணக்கு. காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும் அதே பொய்க் கணக்கின் மறுபக்கம். தயாரிப்பாளர்கள் இந்த இரண்டையும் பிடித்துக் கேட்டால் நானும் கூட நிற்பேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்தவன் சொல்வதை மட்டும் தொடக்கூடாது. அவன் ரசீது வைத்திருக்கிறான்.

அதனால் டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள் சனிக்கிழமை போகப்போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். "மொக்கை" என்று மட்டும் போதாது, இரண்டு வரி கூடப் போடுங்கள். எந்த இடத்தில் உட்கார முடியவில்லை, பிள்ளைகளோடு பார்க்கலாமா, வெட்டுக்குத்து எவ்வளவு, சப்டைட்டில் ஒழுங்காக இருக்கிறதா. நல்ல சின்னப் படம் ஒன்று ஒரே ஒரு காட்சியாக வந்தால் அதையும் இதே வேகத்தில் சொல்லுங்கள். நாம் நாற்பது பேர் போய் உட்கார்ந்தால்தான் அடுத்த வாரமும் அந்தக் காட்சி இருக்கும். மட்டமானதை மட்டம் என்று சொல்கிற ஆள் நல்லது என்று சொன்னால்தான் மதிப்பு. எல்லாவற்றுக்கும் "சூப்பர்" போடுகிறவர் சொல்லை நம்பி எந்த மேனேஜரும் கடன் தர மாட்டார். :-)

டிஸ்கி: எல்லா இரண்டாம் பாகமும் மோசம் என்று சொல்லவில்லை. பொன்னியின் செல்வன் 2022-லும் 2023-லும் இரண்டு தவணையாக வந்தது, ஆனால் ஒரே கதைக்குப் போட்ட ஒரே திட்டம். 2022-ல் வந்த விக்ரம் 1986 படத்தின் பேரை எடுத்துக்கொண்டு புதுக் கதை சொன்னது. புதுசாக ஏதாவது கொண்டு வருகிறவருக்கு ஜனங்கள் கஜானாவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.