தோள்நோவும் கிணற்றடியும்

ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். ஆண்துணையைப் போரில் இழந்த வீடுகளில் தண்ணி அள்ளுவதும், விறகு கொத்துவதும், தோட்டத்துக்கு இறைப்பதும் ஒரு பெண்ணின் தோளில்தான். வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது, "தோள் நோகுது பிள்ளை, தலை இழுக்கேலாமல் கிடக்கு" என்பதே. எண்ணெய் பூசி, புக்கை கட்டி, வாதம் என்று விட்டுவிடுகிறார்கள்.

சகோதரிகளே, எல்லாத் தோள்நோவும் வாதமல்ல. தோள்மூட்டை நான்கு தசைகளின் நார்கள் உறைபோல மூடிப் பிடித்திருக்கின்றன. மேற்கைத் தசையின் நீண்ட நார் ஒன்று, எலும்பின் முன்பக்கத் தவாளிப்பு வழியாக, கப்பியில் கயிறு ஓடுவதுபோல ஓடுகிறது. (மருத்துவர்களும் அந்த இடத்தைக் கப்பி என்றே சொல்கிறார்கள்.) உறையின் முன்பக்கம் கிழிந்தால் கப்பியின் விளிம்பு உடைந்த மாதிரி, கயிறு உள்ளே விலகும். கையைத் திருப்பும்போது தோளின் முன்பக்கம் 'டக்' என்று சத்தமும் நோவும் வரும். உரசி உரசி அந்த நார் ஒருநாள் அறுந்தும் போகலாம். அப்போது மேற்கையில் தசை உருண்டையாகத் திரளும்; ஆனால் பலருக்கு நோ குறைந்துவிடும். சுகமாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். கிழிந்த உறை கிழிந்தபடியே இருக்கும்.

வேறொருவர் தூக்கினாலும் கை உயரவில்லையா? அது மூட்டு இறுகிய நோயாக இருக்கலாம்; நீரிழிவுக்காரருக்கு இது கூடுதலாக வரும். மற்றவர் தூக்கினால் உயர்ந்து, விட்டதும் விழுகிறதா? கிழிவு என்று சந்தேகியுங்கள். விழுந்தபின் திடீரெனக் கை தூக்க முடியாமல் போனால் சுணங்க வேண்டாம். நாள் போகப் போகத் தசை சுருங்கிக் கொழுப்பாகிவிடும், பிறகு தைப்பது கடினம்.

கால் இழந்த சகோதரிகள் ஊன்றுகோலில் தோளால்தான் நடக்கிறார்கள். கோலின் மேல்முனைக்கும் கமக்கட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் கைப்பிடியில் இறங்கட்டும். செயற்கைக் கால் தளர்ந்துவிட்டது என்று மூலையில் வைத்துவிட்டு மறுபடி கோலுக்குத் திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

சத்திரசிகிச்சை என்ற பயத்தில் பலர் போவதில்லை. அநேகருக்கு இயன்மருத்துவரின் பயிற்சியே போதும். சிலருக்கு மட்டும்தான் உறையைத் தைத்து, விலகிய நாரை வெட்டிவிடவோ கீழே பொருத்தவோ வேண்டிவரும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை.

"அதுவரைக்கும் ஆர் தண்ணி அள்ளுறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அயலில் மூன்று வீட்டார் முறை வைத்து ஆறு கிழமை அள்ளிக் கொடுத்தார்கள். அவர் பயிற்சிக்கு ஒழுங்காகப் போய்வந்தார்.