கேட்க ஆளில்லாத பேச்சு

நம் கல்லூரிகள் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் எல்லாம் இருக்கின்றன. மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, மேஜைமீது மணி இருக்கிறது, பட்டுத் துணி விரித்த பீடத்தில் சுழற்கேடயம் இருக்கிறது, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும் இருக்கிறது. கேட்பது ஒன்றுதான் கிடையாது. கேட்க ஆளில்லாமல் ஒருவன் தெருவில் தானாகப் பேசிக்கொண்டு போனால் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறோம். அதையே கல்லூரி மண்டபத்தில் செய்தால் கோப்பை கொடுக்கிறோம்!

இப்படி நான் எழுதுவது பலருக்குக் கசக்கும் என்று தெரியும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒரு கோப்பை இருக்கலாம். உங்கள் மகனோ மகளோ வெளியூர் போய் வாங்கி வந்ததாக இருக்கலாம். அந்தக் கோப்பையை நான் பழிக்கவில்லை. அதை வாங்கிய நாளில், அந்தப் பிள்ளை வேறு யாருடைய பேச்சையாவது முழுதாகக் கேட்டதா என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரி மாநில அளவில் நடத்திய போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அவள் தகப்பனார் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“பொம்பளப் பிள்ளைய ராத்திரி ரயில்ல எப்படி அண்ணாச்சி அனுப்ப? கூட வர வேண்டிய டீச்சரம்மாவுக்கு லீவு கெடைக்கலயாம்.”

கடைசியில் அவள் தாயார் கூடப் போனார். இரண்டு பேருக்கு ரயில் கட்டணம், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் தகப்பனார் கையிலிருந்து போயிற்று. கல்லூரி கொடுத்தது இரண்டு நாள் வருகைப் பதிவு. ஏறக்குறைய 650 கிலோமீட்டர், இரவு முழுதும் உட்கார்ந்து போய், காலையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். தலைப்பு முன்னமே தெரியும். எந்தக் கட்சி என்பதுதான் சீட்டுக் குலுக்கலில் தெரியும். மூன்று வாரமாகத் தயார் செய்தது ஒரு கட்சி. சீட்டில் வந்தது இன்னொரு கட்சி. அதற்கும் அவள் கலங்கவில்லை. கெட்டிக்காரி. ஐந்து நிமிஷம், நான்காவது நிமிஷத்தில் ஒரு மணி, ஐந்தாவதில் இரண்டு மணி. இறங்கிவிட்டாள்.

ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தாள். பரிசு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்:

“நான் பேசுனத ஒருத்தரும் கேக்கல பெரியப்பா. மூணு ஜட்ஜ்ல ஒருத்தர் போனையே பார்த்துக்கிட்டிருந்தாரு. பேசி முடிச்சவங்க எல்லாம் வெளிய போயிட்டாங்க. பேசப் போறவங்க உதட்டுக்குள்ளயே மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அதுகூடப் பரவால்ல. நானும் யார் பேசுனதயும் கேக்கல. என் முறை வர்ற வரைக்கும் நானும் மனப்பாடந்தான் பண்ணிக்கிட்டிருந்தேன்.”

ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் புரிந்தது, போட்டி நடத்தும் பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை? இதுதான் என் சண்டை.

விவாதத்துக்காக ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் புதிதல்ல. தமிழ்க் காப்பியங்களில் அந்தப் பயணத்தைச் செய்தவர்கள் பெண்கள். மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போகிறாள். எதற்கு? பேசவா? கேட்க! அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரைக்கும் பத்துச் சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராகத் தேடிப் போய், ‘உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றையும் ஒப்ப மாட்டேன் என்கிற பூதவாதியிடம் மட்டும் வாயைத் திறந்து எதிர்க்கேள்வி போடுகிறாள்: உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே? ஒரே கேள்வி. ஒன்பது பேரைக் கேட்டுவிட்டு வந்தவளின் கேள்வி அது. பிறகு காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தர்க்கமே பாடமாகக் கேட்கிறாள்.

குண்டலகேசியின் கதை இன்னும் ஒரு படி மேல். ஊர் ஊராகப் போய், நாவல் கிளையை நட்டு வைத்து, ‘என்னோடு வாதிட வருகிறவர் வரலாம்’ என்று அறைகூவியவள் அவள். கடைசியில் புத்தரின் சீடரான சாரிபுத்தரிடம் தோற்கிறாள். தோற்றதும் என்ன செய்தாள்? நடுவர்கள் ஒருதலைப்பட்சம் என்றாளா? பங்கேற்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மாலை ரயிலைப் பிடித்தாளா? தன்னை வென்ற நெறியையே தன் நெறியாக ஏற்றுக்கொண்டாள். எதிராளி சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டவருக்கு மட்டுமே அப்படித் தோற்கத் தெரியும். அவளுடைய சமயத்தை மறுக்க, சமணர்கள் நீலகேசி என்று இன்னொரு பெண்ணைப் படைத்து, அவளையும் ஊர் ஊராக வாதுக்கு அனுப்பினார்கள். நூலுக்கு நூல் பதில்! குண்டலகேசியில் சில பாடல்களே இன்று எஞ்சியிருக்கின்றன. மறுக்க வந்த நீலகேசி நிலைத்து நிற்கிறது.

திருவள்ளுவரும் வரிசை தெரிந்தவர். கேள்வி 42-ஆம் அதிகாரம். சொல்வன்மை 65-ஆவது. அவையஞ்சாமை 73-ஆவது. நம் கல்லூரிகள் 73-இல் ஆரம்பித்து 73-லேயே முடித்துவிடுகின்றன.

‘மேடைக் கூச்சம் போக வேண்டாமா?’ என்பார்கள். போகட்டும். ஆனால் கூச்சம் எதனால் வருகிறது? எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மை எடை போடுகிறார் என்பதால் வருகிறது. எடை போட ஆளே இல்லாத மண்டபத்தில் போகிற கூச்சம், குளிக்கும் அறையில் பாடிப் போகிற கூச்சந்தான். நிஜமான சபை ஒன்று எதிர்ப்பட்டால் திரும்பி வந்துவிடும்.

‘பெரிய தலைவர்கள் எல்லாம் மேடைப் பேச்சில் வளர்ந்தவர்கள்தானே?’ என்றும் கேட்பார்கள். வளர்ந்தார்கள். எப்படிப்பட்ட மேடையில் என்று பாருங்கள். 1943-ஆம் ஆண்டு, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்று அண்ணாதுரை வாதுக்கு வந்தார். சென்னையில் அவரை எதிர்த்துப் பேசியவர் ரா. பி. சேதுப்பிள்ளை. சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். அண்ணாவுக்கு அப்போது 33 வயது, பாரதியாருக்கு 63. சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரித்துக்கொண்டவர்களா அவர்கள்? ஒருவர் நம்பியதை இன்னொருவர் நம்பவில்லை. ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணாவின் அன்றைய கட்சியை நீங்கள் ஒப்பலாம், ஒப்பாமலும் போகலாம். ஆனால் அந்த விவாதம் ‘தீ பரவட்டும்’ என்று அச்சாகி, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம்மைச் சண்டைக்கு இழுக்கிறது. போன வருஷம் உங்கள் ஊர்க் கல்லூரியில் முதல் பரிசு வாங்கிய பேச்சின் ஒரு வாக்கியமாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சீட்டுக் குலுக்கிக் கட்சி தருவதையே நான் ஏசுவதாக எண்ண வேண்டாம். அந்தச் சண்டை உலகத்தில் பழையது. 1954-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு, கம்யூனிஸ்ட் சீனாவை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டுமா என்பது விவாதப் பொருளாக வந்தது. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் பயில வேண்டிய முறை அது. ராணுவ, கடற்படைக் கல்லூரிகள் தங்கள் மாணவர்கள் அதில் பேசக் கூடாது என்று தடுத்துவிட்டன. 1957-இல் ரிச்சர்ட் மர்ஃபி என்ற பேராசிரியர், நம்பாத கட்சியை மேடையில் பேசுவது அறமா என்றே கேட்டுக் கட்டுரை எழுதினார். எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. எதிர்க்கட்சியின் நியாயத்தை நம் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சொல்லிவிட்டு, மறுகட்சி சொல்வதையும் இருந்து கேட்க வேண்டும். கேட்காமல் போகிறவன் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் ஆகமாட்டான். கொடுத்த பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் வாடகைக்கு வாயை விட்டவன் ஆவான்.

இன்னொன்று, தலைப்பு. ‘விஞ்ஞானம் வரமா, சாபமா?’ ‘எழுதுகோல் பெரிதா, வாள் பெரிதா?’ எந்தப் பக்கம் பேசினாலும் யாருக்கும் ஒரு தம்பிடி நஷ்டமில்லை. பையனின் ஊரில் சாதியின் பெயரால் கோவில் கதவு சாத்தியிருக்கலாம். பெண்ணின் வீட்டில் அவள் மேற்படிப்பு பற்றிச் சண்டை நடந்துகொண்டிருக்கலாம். அவற்றை மேடைக்கு விட்டால் ‘பிரச்சினை வரும்’ என்று பயம். பிரச்சினை வராத தலைப்புக்கு விவாதம் எதற்கு? பண்டிகை நாள் டெலிவிஷன் பட்டிமன்றம் போதுமே! சிரித்துவிட்டு, ‘இரண்டும் தேவைதான்’ என்ற தீர்ப்பைக் கேட்டுவிட்டு, எழுந்து பலகாரம் சாப்பிடலாமே!

1933 பிப்ரவரி 9-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது: மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்த நிலையிலும் இச்சபை போரிடாது என்பது. 275 பேர் ஆதரித்தார்கள், 153 பேர் எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. அவர்கள் முடிவு சரியா தவறா என்பது வேறு கதை. அந்த எண்களைக் கவனியுங்கள். 428 பேர் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சபையில் தீர்ப்பு சொல்கிறவர்கள் கேட்டவர்களே. ஆதரிக்கிறவர் ஒரு வாசல் வழியாகவும் எதிர்க்கிறவர் இன்னொரு வாசல் வழியாகவும் வெளியேற, தலையை எண்ணுகிறார்கள். நம் மண்டபத்திலும் இரண்டு வாசல் இருக்கிறது. இரண்டு வழியாகவும் பிள்ளைகள் வெளியேறத்தான் செய்கிறார்கள், பேச்சு நடக்கும்போதே!

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. 1823-இல் தொடங்கிய அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1963-இல்தான். நூற்றுநாற்பது வருஷம்! நம் பக்கம் திரும்பினால் அதைவிட வெட்கம். மணிமேகலைக்குத் தெய்வம் சொன்ன யோசனை நினைவிருக்கிறதா? நீ இளையவள், பெண். உன்னிடம் யாரும் உண்மைப் பொருளை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வேற்றுருவம் எடுத்துக்கொள் என்றது. அவளும் தவசியின் வேஷத்தில்தான் வஞ்சிக்குள் நுழைந்தாள். எங்கள் தெருப் பெண்ணுக்கு மந்திரம் தெரியாது. தாயாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தகப்பனாரிடம் அன்று பணம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பையன் போயிருப்பான். எத்தனை கல்லூரிகளில் அப்படித்தான் பையன் போகிறான்! ‘பெண்கள் முன்வருவதில்லை’ என்று ஆண்டறிக்கையில் எழுதியும் விடுகிறார்கள்.

முதல்வர்களே, தமிழ்த்துறைத் தலைவர்களே, உங்களுக்கு நான் சொல்வது நாலே விஷயம். காசு அதிகம் ஆகாது.

ஒரு நாளில் நாற்பது பேரைப் பேச விடாதீர்கள். எட்டுப் பேர் போதும். பேசிய ஒவ்வொருவரும் தமக்கு முன் பேசியவரின் ஒரு வாதத்தையாவது எடுத்துச் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். மதிப்பெண்ணில் பாதி அதற்கு. மனப்பாடம் அன்றைக்கே செத்துவிடும்.

கடைசிப் பேச்சு முடியும்வரை மண்டபத்தில் இல்லாதவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லுங்கள். இந்த விதி நடுவருக்கும் பொருந்தட்டும், அவருடைய போனுக்கும் பொருந்தட்டும்.

பேச்சு தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை சபையினரின் வாக்கை எடுங்கள். எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று மேடையில் அறிவியுங்கள். அதைவிடப் பெரிய கோப்பையை எந்தக் கடையிலும் நீங்கள் வாங்க முடியாது.

வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைக்கும், பெண்ணாக இருந்தால் துணைக்கு வருகிறவருக்கும் கட்டணமும் தங்க இடமும் கொடுங்கள். பொன்னாடையிலும் பூங்கொத்திலும் போகிற பணத்தை எண்ணிப் பார்த்தால் அதற்கு வழி தெரியும். ஓர் இரவு தங்கினால், சாப்பாட்டுப் பந்தியில் எதிர்க்கட்சிக்காரனின் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் விவாதம். மேடையில் நடப்பது அதற்கு முகவுரை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியூர் போய்த் திரும்பும் பிள்ளையிடம் வாசற்படியிலேயே “என்ன பரிசு?” என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. “உன்னை எதிர்த்துப் பேசினவன் என்ன சொன்னான்?” என்று கேளுங்கள். பிள்ளை விழித்தால், அந்த ரயில் கட்டணம் வீண். பதில் சொன்னால், கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்திருந்தாலும் சரி, உட்கார வைத்து முழுதையும் கேளுங்கள். நம் வீட்டிலாவது கேட்க ஓர் ஆள் இருக்கட்டும்.