புகைத்தொட்டிக்கு உரமூட்டை ஆகாது

டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகள் சுவாசத்துக்குக் கேடானவை. அவற்றை அடக்கவே, 2020-ம் வருஷ விதிகளுக்குப் பின் இந்திய லாரிகள் பலவற்றிலும், பெரிய பண்ணை யந்திரங்கள் சிலவற்றிலும் யூரியாக் கரைசலுக்குத் தனித்தொட்டி உண்டு. சூடான புகையில் தெளிக்கப்படும் கரைசல் அமோனியாவாகி, வினையூக்கியின் மேல் அவ்வாயுக்களை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

அத்தொட்டியில் உரமூட்டை யூரியாவைக் கிணற்று ஜலத்தில் கரைத்து ஊற்றுவதைச் சிலர் சிக்கனமென்று எண்ணுகின்றனர். இது பெரும் பிசகு. வேண்டியது நூற்றுக்கு 32.5 பங்கு சுத்த யூரியா. மீதி, கனிமம் நீக்கிய ஜலம். உரத்தில் பூசிய வேப்பெண்ணெய் வயலுக்கு உகந்தது, யந்திரத்துக்கு அன்று. கிணற்று ஜலத்தின் சுண்ணாம்பும் உப்பும் வினையூக்கியைப் பாழாக்கும். அதை மாற்றும் செலவோ சிறிதன்று.

மேலும், பயிருக்கென்று சர்க்கார் மானியத்தில் விற்கும் யூரியாவை வேறு காரியத்துக்குத் திருப்புவது குற்றம். நடவு முடிந்து, மேலுரத்துக்கு மூட்டை கிடையாமல் அலையும் குடியானவரின் பங்கல்லவா அது?