ஆர்க்கிட்டுக்கு எமன் யார்?

தாம்பரம், குரோம்பேட்டை வீட்டு மாடிகளிலும் ஆர்க்கிட் பூக்கிறது. ஆனால், ஆசையாக வாங்கிய செடி பல வீடுகளில் சீக்கிரமே அழுகிவிடுகிறது. "இந்த ஊருக்கு ஆகாத செடி" என்று பழி போடுகிறார்கள். அது தவறு! எமன் வெயில் அல்ல. அளவுக்கு மீறிய தண்ணீர்தான்!

கடையில் விற்கும் ஆர்க்கிட்டுகளில் பல, காட்டில் மரக்கிளையைப் பற்றி வளரும் இனம். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. காற்றில் தொங்கும் வேரால் மழைநீரைக் குடிக்கின்றன. மண்ணில் நட்டால் அந்த வேருக்குக் காற்று ஏது? கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டை போதும்.

வேரைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வேர் கருகும். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. அந்த மழைநீரில் ஒரு குடம் ஆர்க்கிட்டுக்கும் ஒதுக்கலாம். கொசு புகாமல் மூடி வையுங்கள்.

முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு டென்ட்ரோபியம் நல்லது. சென்னை வெக்கையைத் தாங்கும். இளங்காலை வெயில் போதும்; உச்சி வெயில் ஆகாது. புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

குழந்தைக்கும் சரி, செடிக்கும் சரி, அளவாக ஊட்டுவதே அன்பு!